படம் போட்ட ஏலக்காய்

சிலமலை கலையரசி இருபத்தோரு வருடம் மலைக்குப் போனவள். விடிவதற்கு முன்பே ஜீப்பு ஊருக்குள் வந்து ஒரு தடவை ஹாரன் அடிக்கும். இரண்டாவது தடவை அடிக்கும் வழக்கம் கிடையாது. தூக்குவாளியும் பழைய முழுக்கைச் சட்டையும் உள்ள பையை மடியில் வைத்துக்கொண்டு, போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அவள் தூங்குவாள். ஒரு வளைவில் இடப்பக்கத்துக்காரியின் தோளில் கிடக்கும் தலை, அடுத்த வளைவில் வலப்பக்கத்துக்காரியின் தோளுக்குப் போய்விடும். யாரும் யாரையும் எழுப்ப மாட்டார்கள்.

ஏலச்செடி ஆளை மறைக்கும் உயரம் வளரும். காய் பிடிப்பதோ தூரில், மண்ணோடு மண்ணாக. குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். எழுந்து அடுத்த தூருக்குப் போய் மறுபடி குத்தவைக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு அடுத்த தூர். இத்தனை வருடமும் செடியின் அடியை மட்டுமே பார்த்ததில், ஏல இலை எப்படி இருக்கும் என்று கேட்டால் கலையரசி கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

எடுப்பு இல்லாத நாள்களில் எஸ்டேட் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. காய்ந்த காயைத் தட்டில் பரப்பினால் வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், சுருங்கியது ஒரு பக்கம் என்று விரல் தானாக ஒதுக்கும். வாய் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட மலையாளத்துச் சேட்டன் அவள் பிரித்த மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

2024 ஐப்பசியில் வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. தேனியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் குத்தவைக்கக் கூடாது என்றார்.

"குத்தவைக்காம எப்படிங்க காய் எடுக்கிறது?"

"வேற வேலை பாருங்கம்மா" என்று சொல்லி அடுத்த சீட்டை எடுத்தார்.

வேறு வேலை என்று அவளுக்குத் தெரிந்தது தரம் பிரிப்பது ஒன்றுதான். போடியில் ஒரு கமிஷன் கடையில் கொஞ்சமாகக் காய் வாங்கி, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து பிரித்து, பத்து கிராம் பாக்கெட்டாகக் கட்டிக் கடைகளுக்குப் போட ஆரம்பித்தாள். புருஷன் மொக்கச்சாமி தென்னந்தோப்புக் காவலுக்குப் போகிற ஆள். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இது படுத்துவிட்டால் திரும்ப ஜீப்புதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஜீப்புக்காரன் உக்கிரபாண்டி அதை வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"ஆடியில எடுப்பு தொடங்குதுக்கா. அது வரைக்கும் ஒன் பேரு லிஸ்டுல இருக்கும். அப்புறம் மேஸ்திரி வேற ஆளப் போட்டா என்னையத் திட்டப்படாது."

போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பால்ராஜ் மளிகைக் கடை வைத்திருந்தார். சுத்துப்பட்டுப் பெட்டிக் கடைகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் சரக்குப் போகும். பேர் இல்லாத பாலித்தீன் பையில் பின் அடித்துக் கொண்டுபோன காயை அவர் முகர்ந்து பார்த்தார். ஒன்றை உரித்து வாயில் போட்டார்.

"காயி கண்ணா இருக்கு. ஆனா எப்படிக்கா கேட்டு வாங்குவான்? வாயில ஒரு பேரு வரணும்ல. பேரு இல்லாததக் கேக்குறதுக்கு கஸ்டமருக்கென்ன வேண்டுதலா?"

அவரே கை காட்டியதுதான் லிங்கேஸ்வரனின் கடை. மாடிப்படிக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. போடியில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ், சடங்கு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவன் கையால் வந்தது. யார் போனாலும் தலையைத் தூக்காமல் அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"மாதிரி கொண்டாந்தீகளா?"

"என்ன மாதிரி?"

"எது மாதிரி வேணுமோ அந்த மாதிரி. எல்லாரும் கொண்டாருவாங்கக்கா. மாமன் மகன் பத்திரிகையக் கொண்டாந்து இதே மாதிரிம்பான். எதிர்க்கடை போர்ட போட்டோ எடுத்தாந்து இதே மாதிரிம்பான். மாதிரி இல்லாம நான் என்னத்தப் போடுறது?"

"எனக்குன்னு ஒண்ணு போடுங்க தம்பி."

அவன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். கடை போட்ட பதினாறு வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "எது நல்லா ஓடுதோ அத ஒரு பாக்கெட்டு வாங்கிட்டு வாங்க. கண்ணு பழகுனதத்தான் கை எடுக்கும்."

நன்றாக ஓடியது பச்சைக்குடை ஏலக்காய். பச்சைப் பை, மஞ்சள் பட்டை, நடுவில் குடை. அவன் குடையை எடுத்துவிட்டுக் கொடியை வைத்தான். பச்சைக்கொடி. பச்சையும் மஞ்சளும் எழுத்தும் அப்படியே இருந்தன. சிவகாசியில் பத்தாயிரத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டார்கள் என்பதால் பத்தாயிரம் பை வந்து இறங்கியது. கட்டிலுக்கு அடியில் அடுக்கினார்கள்.

இரண்டு மாதம் நன்றாகவே போனது. நல்ல பேர் வாங்க வேண்டும் என்று கலையரசி எட்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள முதல் தரக் காயாகப் பொறுக்கிப் போட்டாள். ஏழு மில்லி போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் காய் பேசும் என்று நினைத்தாள். மலையில் அப்படித்தான். அங்கே காயைப் பார்த்துத்தான் ஆளை மதிப்பார்கள்.

மாசியில் ஒரு நாள் பாக்கெட் போட வந்தவள், முழங்கால் வலி தணியட்டும் என்று பால்ராஜ் கடையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் வந்தாள்.

"அண்ணே, போன வாரம் குடை ஏலக்காய் வாங்கிட்டுப் போனேன். பாயசத்துல ரெண்டே ரெண்டு தட்டிப் போட்டேன், வீடே மணத்துப்போச்சு. அதே குடுங்க."

பால்ராஜ் குடையை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"போன வாரம் நான் சரக்குப் போட வந்தப்ப அவங்க வாங்குனது என்னோடதுண்ணே" என்றாள் கலையரசி.

"தெரியும்க்கா. நாந்தான குடுத்தேன். ஒன் காயத் தின்னுட்டு அவன் பேரச் சொல்றாக. நான் என்ன, பைய மாத்திப் பாருங்கன்னு பாடமா எடுக்க முடியும்?" பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னார். "குடைக்காரனுக்கு லயன்ல ஆர்டர் எடுக்க வர்ற ஆளு சொல்றான், போடியில மட்டும் யாவாரம் ஏறியிருக்காம். அவங்க ஒனக்கு ஒரு மாலை போடணும்."

பஸ்ஸில் நிற்க இடம்தான் கிடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டபடி சிலமலை வந்து சேர்ந்தாள். கட்டிலுக்கு அடியில் இன்னும் ஆறாயிரம் பை இருந்தது. அவற்றில் இனி காய் போடுவது, குடைக்காரனுக்குக் கூலி வாங்காமல் தரம் பிரித்துக் கொடுப்பது போலத்தான். ஒரு வாரம் எதையும் தொடவில்லை. மொக்கச்சாமி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் பழைய முழுக்கைச் சட்டை துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தது. அவன்தான் துவைத்திருந்தான்.

அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு அவள் மறுபடி கடைவீதிக்குப் போனாள். இந்தத் தடவை எது ஓடுகிறது என்று யாரையும் கேட்கவில்லை. ஏலக்காய், டீத்தூள், ஊதுபத்தி, மஞ்சள்தூள், சோப்பு, பாக்கு, பீடி, உப்பு என்று கண்ணில் பட்டதில் எல்லாம் ஒவ்வொன்று வாங்கினாள். நாற்பதுக்கு மேல் இருந்தது. வீட்டுக்கு வந்து தரம் பிரிக்கும் தட்டில் கொட்டினாள்.

விரல் ஒதுக்க ஆரம்பித்தது. பச்சையெல்லாம் ஒரு பக்கம். அதில் ஏலக்காய் மட்டும் பதினொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே செடியில் பறித்தது போல இருந்தது. சாமி படமெல்லாம் ஒரு பக்கம். மலை, சூரியன், தேயிலை ஒரு பக்கம். சிவப்பில் மஞ்சள் எழுத்து ஒரு பக்கம். எந்தக் குவியலிலும் சேராமல் கடைசியில் தட்டில் இரண்டு மிஞ்சின. ஒன்று கல் உப்புப் பை. வெறும் வெள்ளை, கறுப்பு எழுத்து, வேறு ஒன்றும் இல்லை. இன்னொன்று பீடிக் கட்டு. அதைச் சுற்றிய தாளில் மீசை வைத்த ஒரு ஆளின் படம். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா குடித்த காலத்திலிருந்து அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். அப்பா ஒரு நாளும் பீடியின் பேரைச் சொல்லிக் கேட்டதில்லை. "மீசக்காரர வாங்கிட்டு வா" என்பார்.

வெறும் காயாக இருந்தால், இந்த இரண்டையும் என்ன தரம் என்று சேட்டனிடம் கேட்டிருப்பாள்.

"மாதிரி கொண்டாந்தீகளா?" என்றான் லிங்கேஸ்வரன்.

"கொண்டாந்திருக்கேன்." உப்புப் பையையும் பீடித் தாளையும் மேசையில் வைத்தாள். "இதுல வெள்ளை. இதுல மூஞ்சி."

"யாரு மூஞ்சி?"

"என் மூஞ்சிதான். பிரிக்கிறது நான்தான. சொத்தையா இருந்தா என்னையத்தான கேக்கணும்."

"ஏலக்காய்க்கு பச்சை இல்லாமலாக்கா? உப்பு மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

அவளிடம் இருந்தது ஒரே படம். எஸ்டேட்டில் அடையாள அட்டைக்கு எடுத்தது. நெற்றியில் திருநீறு, கண்ணில் தூக்கம். அவன் அதை ஸ்கேன் செய்தான். பெரிய கம்பெனி பாக்கெட்டில் எல்லாம் எந்த வருடத்திலிருந்து என்று போட்டிருப்பதை அவள் கவனித்திருந்தாள். தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றாள்.

"எப்ப ஆரம்பிச்சீக?"

"யாவாரம் இப்பத்தான். காயத் தொட்டது 2003. போன ஐப்பசியோட மலைக்குப் போறத விட்டாச்சு. இருபத்தோரு வருச அனுபவம்னு தெரியிற மாதிரி போடுங்க."

அவன் போட்டான். அவனுடைய கை பழக்கப்பட்ட கை. படத்தை முட்டை வடிவத்தில் வெட்டியது. இரண்டு பக்கமும் ஏல இலையை வளைத்து வைத்தது. கீழே வருடத்தைச் சேர்த்தது. அதற்கும் கீழே "கலையரசி ஏலக்காய், சிலமலை". கறுப்பு மட்டும் என்பதால் ஸ்டிக்கராக அடித்து வெள்ளைப் பையில் ஒட்டிக்கொள்ளலாம். சிவகாசிக்குப் போக வேண்டியதில்லை. போனில் அனுப்பிய படத்தை மொக்கச்சாமி வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தான். "மூஞ்சி தெளிவா விழுந்திருக்கு" என்றான். தன் முகத்தை அச்சில் பார்க்கக் கூச்சப்பட்டு அவள் சரியாகப் பார்க்கவே இல்லை.

பாக்கெட்டுகளை அட்டையில் சரமாகக் கோத்து பால்ராஜ் கடையில் கொடுத்துவிட்டு வந்து இருபது நாள் இருக்கும். பகல் பதினோரு மணிக்குத் தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. யார் வீடு என்று பார்க்கக் கலையரசி சல்லடையோடு வாசலுக்கு வந்தாள்.

வந்தது அவள் நாத்தனார் சுந்தரம்மாள். தேவாரத்தில் கட்டிக்கொடுத்தவள். காதுகுத்துச் சீரில் மனத்தாங்கலாகி எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கையில் ரோஜா மாலை, தலைவிரி கோலம். "என்னப் பெத்த மதினி, ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியே" என்று அழுதுகொண்டே வந்தவள் வாசலில் நின்றவளைப் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது. மாலை கையிலேயே இருந்தது.

"என்ன மதினி?" என்றாள் கலையரசி.

சுந்தரம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாசல்படியில் உட்கார்ந்தாள். "தண்ணி கொண்டா" என்றாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு இடுப்பிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் தரையில் போட்டாள். "எங்க தெருப் பெட்டிக் கடையில ஒரு சரத்துல பன்னெண்டு கலை தொங்குறா. வெள்ளையில கறுப்புப் படம். சுத்தி இல. கீழ பொறந்த வருசம், செத்த வருசம். நான் என்னன்னு நெனைக்க? சண்டன்னா சாவக்கூடச் சொல்லிவிட மாட்டானா எந்தம்பின்னு வயிறெரிஞ்சு வந்தேன்."

கலையரசி குனிந்து எடுத்தாள். அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக முழுசாகப் பார்த்தாள். முட்டை வடிவத்துக்குள் தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண். இரண்டு பக்கமும் இலை. 2003 – 2024. ஒரு விளக்கு மட்டும்தான் இல்லை.

தெருவே கூடிவிட்டது. யாரோ சிரித்தார்கள்.

"பொறந்தது ரெண்டாயிரத்து மூணுன்னா இருபத்தோரு வயசுல்ல ஆகுது மதினி. என்னையப் பாத்தா அப்படியா இருக்கு?" என்றாள் கலையரசி.

"அதத்தான் கடைக்காரரும் சொன்னாரு. வயசு கொஞ்சந்தான், மலை வேல ஆள இப்படி ஆக்கிருச்சுன்னாரு." சுந்தரம்மாள் மாலையைப் படியில் வைத்தாள். "இந்தா, வாங்கிட்டு வந்துட்டேன். சாமி படத்துக்குப் போடு. சோறு இருக்கா?"

எட்டு மாத மனத்தாங்கல் அன்றைக்குச் சோற்றோடு முடிந்தது. ஆனால் சாயங்காலம் வந்த மொக்கச்சாமிக்கு முகம் செத்துவிட்டது. தோப்பிலேயே கேள்விப்பட்டிருந்தான்.

"எல்லாத்தையும் திருப்பி வாங்கிரு. உசுரோட இருக்கிறவள இப்படித் தொங்கவிட்டா வெளங்குமா? யாவாரமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்."

"அப்பச் சட்டைய எடுத்து வைக்கவா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அவளும் அவன் சொன்னதைத் தப்பு என்று நினைக்கவில்லை. அவளுக்கே உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. அச்சில் போடுவதற்கென்று காட்டிய முகம் இல்லை அது. ஒரு அடையாள அட்டைக்காக யாரோ நிற்கச் சொன்னபோது நின்ற முகம். அதைப் போய் மாலைக்கு வைத்தாயிற்று. மறுநாள் ஒரு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு போடிக்கு பஸ் ஏறினாள்.

பால்ராஜ் கடையில் அட்டை மட்டும் தொங்கியது. ஒரு பாக்கெட் இல்லை.

"எங்க போயிட்ட நீ? போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குற" என்றார் பால்ராஜ். "நாலு ஊருக் கடைக்காரன் கேக்குறான். வெரசா அடுத்த லோடு போடு."

"திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்ண்ணே."

"இருந்தாத்தான குடுக்குறதுக்கு."

அவர் அவளை அரிசி மூட்டை மேல் உட்காரச் சொன்னார். அரை மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தர் 'அந்தப் படம் போட்ட ஏலக்காய்' என்றார். இன்னொருவர் 'அந்த இறந்துபோன அம்மா ஏலக்காய்' என்றார். குடை என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவதாக வந்தது டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். நாளைக்கு வரும் என்று பால்ராஜ் சொன்னதும் திரும்பிப் போகாமல் நின்றார்.

"வேற வேணாம், அதுவே வரட்டும். பிள்ளைக யாரோ அம்மா பேருல நடத்துறாக போல. செத்தவுக பேர வச்சுக்கிட்டு சொத்தையப் போட மாட்டாக." சொல்லிக்கொண்டே மூட்டைமேல் இருந்தவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க அவுகளுக்குத் தங்கச்சியாம்மா?"

பால்ராஜ் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஆமா" என்றாள் கலையரசி.

"அதே சாடை. என்னம்மா செஞ்சது அவுகளுக்கு?"

"முழங்காலு."

"முழங்காலுக்கா செத்தாக?" பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். "மலை வேல. என்ன வேணா செய்யும்."

அவர் போன பிறகு பால்ராஜ் குரலைத் தணித்துச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதக்கா. இனிமே சரக்கக் குடுத்துவிடு, நீ வராத. ஆளப் பாத்துட்டா யாவாரத்துக்கு ஆகாது."

திரும்பும் வழியில் லிங்கேஸ்வரன் கடைக்குப் போனாள். அவன் ஒரு போஸ்டரில் மூழ்கியிருந்தான். திரையில் ஒரு தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேள்விப்பட்டேன்க்கா" என்றான் தலையைத் தூக்காமல். "மன்னிச்சுருங்க. ஒரு நாளைக்கு நாலு கண்ணீர் அஞ்சலி போடுறேன். என் கண்ணுக்கு எல்லாப் படமும் ஒண்ணாத்தான் தெரியுது. வருசத்த எடுத்துறவா? இலையையும் தூக்கிருவோம்."

கலையரசி சுவரில் சாய்ந்து நின்றாள். அவன் ஸ்டூலைக் காலால் தள்ளிக் கொடுத்தான். அவள் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"நேத்து சின்னமனூர்லருந்து மிளகாப்பொடிக்காரர் ஒருத்தர் வந்தாரு" என்றான் அவன். "மாதிரி கொண்டாந்தீகளான்னு கேட்டேன். உங்க பாக்கெட்ட எடுத்து வைக்கிறாரு. அவங்க அப்பா படத்தப் போட்டு இதே மாதிரி வேணுமாம், வருசத்தோட."

"அவங்க அப்பா?"

"உசுரோடத்தான் இருக்காரு. வெளிய டீ குடிச்சுட்டு நின்னாரு." அவன் மவுசைப் பிடித்தபடி காத்திருந்தான். "சொல்லுங்கக்கா. வருசத்த எடுக்கவா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஜீப்பில் தூங்குகிற மாதிரி தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டாளோ என்று அவன் நினைத்தான்.

"வேணாம்" என்றாள். "பழையதே இருக்கட்டும். ரெண்டாயிரம் அடிங்க. அந்த மிளகாப்பொடிக்காரருக்கு மட்டும் எலையப் போடாதீக. வேற ஏதாவது போடுங்க."

மொக்கச்சாமி மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காவது நாள் சாக்கை சைக்கிளில் வைத்துக் கட்டினான். கடையில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டான்.

"ஒண்ணும் சொல்லாதீக. நீங்க பேசாம நின்னாலே போதும், அப்படித்தான் நெனைப்பாக."

ஆடி பிறந்தது. எடுப்பு தொடங்கிய அன்று விடியும் முன்பு ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. கலையரசி விழித்துத்தான் இருந்தாள்; இருபத்தோரு வருடத்து விழிப்பு போகவில்லை. வாசலுக்கு வந்தாள். ஜீப்புக்குள் தெரிந்த முகங்கள் எல்லாம் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தன. நடுவில் அவளுடைய இடம் காலியாக இருந்தது.

"என்னக்கா, ஏறுறியா?" உக்கிரபாண்டி எஞ்சினை அணைக்கவில்லை. "மேஸ்திரி இன்னைக்கு லிஸ்ட முடிக்கிறாரு."

"எடத்தக் குடுத்துரு."

"நெசமாவா? அவரு கேட்டா என்ன சொல்ல?"

"போடியில என்ன சொல்றாகளோ அதச் சொல்லு."

உக்கிரபாண்டி அவளைப் பார்த்தான். சிரிக்கலாமா என்று தெரியாமல் கியரைப் போட்டான். ஜீப்பு ஊர்ச் சத்திரத்துத் திருப்பத்தில் மறைந்த பிறகும் டீசல் வாடை தெருவில் நின்றது. அவள் உள்ளே வந்து விளக்கைப் போட்டாள். பாயில் உட்கார்ந்து வலது காலை நீட்டி, தலையணையை முழங்காலுக்கு அடியில் கொடுத்தாள். தட்டில் காயைப் பரப்பினாள். அன்றைக்கு வந்த காய் கொஞ்சம் மோசம். வெடிப்பு நிறைய இருந்தது; விரல் ஒதுக்க ஆரம்பித்தது.